அமெரிக்கத் துப்பாக்கிச் சூட்டில் பாதிக்கப்பட்டவர்களின் சென்னைக் குடும்பங்களுக்கு: அரசு இழப்பீடு கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிள்ளை அமெரிக்காவில் படிக்கிறான், மகள் அங்கே வேலை பார்க்கிறாள் என்ற நிலையில், கடைத்தெருவிலோ அலுவலகத்திலோ யாரோ ஒருவன் பலரைச் சுட்டான் என்ற செய்தி வந்தால், இங்கிருக்கும் குடும்பம் ஓர் அறிவிப்புக்காகக் காத்திருக்கும். நம் ஊர்ப் பழக்கம் அது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, இறந்தவர் குடும்பத்துக்கு முதலில் 10 லட்சம் என்று அறிவித்து, சில நாட்களில் 20 லட்சமாக உயர்த்தினார்கள்.  அரசே அறிவித்தது.

அமெரிக்காவில் அப்படி நடக்காது. அங்கே இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஆனால் கேட்டவருக்குத்தான் கொடுப்பார்கள். கேட்டவரிலும் காகிதம் சரியாக வைத்திருப்பவருக்குத்தான் கொடுப்பார்கள். எந்த வேலையை எதற்கு முன்னால் செய்வது, எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறோம்.

1. எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது

முதல் குழப்பமே இங்கேதான். நான்கு வழிகளில் பணம் வரலாம், நான்குக்கும் விதி வேறு வேறு.

ஒன்று, மாநில அரசின் குற்றப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டம். 50 மாநிலங்களிலும் உண்டு. 1984-ல் வந்த அமெரிக்க ஒன்றியச் சட்டம் இதற்கு ஆதரவு தருகிறது. அந்த நிதியில் சேர்வது பெரும்பாலும் ஒன்றியக் குற்ற வழக்குகளில் வசூலாகும் அபராதம். இந்தக் கட்டுரை முக்கியமாக இந்தத் திட்டத்தைப் பற்றியது.

இரண்டு, பொதுமக்கள் தரும் நன்கொடை நிதி. மூன்று, இன்சூரன்ஸும் வேலையிடத்து இழப்பீடும். நான்கு, நீதிமன்றம் குற்றவாளியைக் கட்டச் சொல்லும் தொகை அல்லது சிவில் வழக்கில் கிடைப்பது.

மாநிலத் திட்டத்தைப் பற்றி ஒன்றை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள்: அது உயிருக்கு விலையாகத் தரும் தொகை இல்லை. செலவானதற்கும் நின்றுபோன வருமானத்துக்கும் தரும் ஈடு. மருத்துவச் செலவு, இறுதிச் சடங்குச் செலவு, மனநல ஆலோசனை, சம்பள இழப்பு, இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களின் ஆதரவு இழப்பு ஆகியவற்றுக்குத் தருவார்கள். அனுபவித்த வேதனைக்கு என்று பெரும்பாலான மாநிலங்கள் எதுவும் தருவதில்லை. இன்னொன்று, இன்சூரன்ஸும் மற்ற வழிகளும் கொடுத்தது போக மிச்சத்தைத்தான் இது கொடுக்கும். மற்ற எல்லாரும் கொடுத்த பிறகு கடைசியில் கொடுக்கும் திட்டம் இது. அதனால்தான் ரசீதும் வரிசையும் இங்கே இவ்வளவு முக்கியம்.

2. முதல் 72 மணி நேரம்

இந்த மூன்று நாளில் பணத்தைப் பற்றி யோசிக்க யாருக்கும் மனம் வராது. குடும்பத்துக்குள் கொஞ்சம் நிதானமாக இருக்கும் ஒருவர், மாமாவோ சித்தப்பாவோ, இந்த வேலைகளை எடுத்துக்கொள்ளட்டும்.

காவல்துறையின் வழக்கு எண்ணை வாங்குங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படிவமும் இந்த எண்ணைக் கேட்கும். பெரிய துப்பாக்கிச் சூடு என்றால் எஃப்பிஐ-யின் பாதிக்கப்பட்டோர் பிரிவும் வரும், ஊர்க் காவல்துறையிலும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும் விக்டிம் அட்வகேட் என்று ஒருவர் இருப்பார். அவர் வழக்கறிஞர் இல்லை, குடும்பத்துக்குத் துணை நிற்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஊழியர். அவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் வாங்கி, "நாங்கள் இந்தியாவில் இருக்கும் பெற்றோர், தொடர்புக்கு இந்த முகவரி" என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள். அங்கிருக்கும் நண்பர் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார் என்று விடாதீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் இல்லாவிட்டால், பின்னால் வரும் உதவி மையம், நன்கொடை நிதி, வழக்கு நிலவரம் எதுவும் உங்களுக்கு வந்து சேராது.

இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் கொடுங்கள். டெக்சஸ் என்றால் ஹூஸ்டன் என்று பகுதிவாரியாகப் பொறுப்பு பிரிக்கப்பட்டிருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் புகாராகப் பதியலாம். அதற்கு ஓர் எண் கிடைக்கும், தொடர்ந்து கேட்க அது உதவும். சென்னையில் சேப்பாக்கம் எழிலகத்தில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் இருக்கிறது. உடலைக் கொண்டுவரும் வேலையில் அங்கே உதவி கேட்கலாம்.

செய்யக்கூடாதவை இரண்டு. பிள்ளையின் அமெரிக்க செல்போன் இணைப்பை நிறுத்தாதீர்கள். வங்கி, இன்சூரன்ஸ், சம்பளக் கணக்கு எல்லாவற்றின் குறியீடும் அந்த எண்ணுக்குத்தான் வரும். போன் காவல்துறையிடம் சாட்சியமாக இருந்தாலும் எண் உயிரோடு இருக்கட்டும், மாதக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். இரண்டாவது, முதல் வாரத்தில் போன் செய்து "கேஸ் போட்டால் கோடிக்கணக்கில் வரும்" என்று சொல்லும் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். மாநில இழப்பீட்டு மனுவுக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

3. கையெழுத்துப் போடப்போவது யார்

இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். இறந்தவருக்குத் திருமணம் ஆகியிருந்தால், அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் முதல் உறவு மனைவியோ கணவரோதான். உடலை யாரிடம் ஒப்படைப்பது, எங்கே அடக்கம் செய்வது என்ற முடிவெல்லாம் வழக்கமாக அவரிடம்தான் கேட்பார்கள். பெற்றோர் தனியாக ஒரு மனு, மருமகள் தனியாக ஒரு மனு என்று ஒரே செலவுக்கு இரண்டு மனு போனால் இரண்டும் நின்றுவிடும். சம்பந்தி வீட்டோடு பேசி, இறுதிச் சடங்குச் செலவை யார் கேட்பது, ஆதரவு இழப்பை யார் யார் கேட்பது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஆதரவு இழப்பில் மனைவி, பிள்ளைகளோடு, நம்பி வாழ்ந்த பெற்றோரும் இடம்பெற முடியும். அதனால் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. யார் எதைக் கேட்கிறார்கள் என்பது தெளிவாக இருந்தால் போதும்.

பெற்றோர் இங்கே இருந்துகொண்டு, அங்கிருக்கும் உறவினரை வேலை பார்க்கச் சொல்வதென்றால் பவர் பத்திரம் வேண்டும். பாரிமுனையில் முத்திரைத் தாளில் அடித்து நோட்டரி முத்திரை குத்தி அப்படியே கூரியரில் அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வெறும் நோட்டரி முத்திரையை அங்கே ஏற்கமாட்டார்கள். இரண்டு வழி இருக்கிறது. ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போய் அங்கேயே நோட்டரி செய்யலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். கையெழுத்தை அந்த அதிகாரி முன்னால்தான் போடவேண்டும், வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். இல்லையென்றால் இங்கே நோட்டரி செய்த பத்திரத்துக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஏற்கப்படும் சான்று முத்திரை, வாங்கவேண்டும். இந்த வரிசையை மாற்ற முடியாது. நேரம் கிடைத்தால் முதல் வழி சுருக்கம்.

4. பெயர்: மனுக்கள் அதிகம் சிக்கும் இடம்

தமிழ்க் குடும்பங்களுக்கு அதிகம் வரும் சிக்கல் என்று இதைச் சொல்லலாம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அமெரிக்கப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும்.

உதாரணத்துக்கு, அப்பா ஆதாரில் எம். ஆறுமுகம். ரேஷன் அட்டையில் வெறும் ஆறுமுகம். பாஸ்போர்ட்டில் முதல் பெயர் ஆறுமுகம், கடைசிப் பெயர் முத்துசாமி. மகன் பாஸ்போர்ட்டில் கார்த்திக் ஆறுமுகம் என்று முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதி, கடைசிப் பெயரைக் காலியாக விட்டிருப்பார்கள். அப்படி விட்டவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து விழுந்திருக்கும், பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஓட்டுநர் உரிமத்திலும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் அதே எஃப்என்யு தொடர்ந்திருக்கலாம். சம்பளச் சீட்டில் வேறு மாதிரி. கடைசியில் மரணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரியின் மேசையில் இப்போது மூன்று மகன், மூன்று அப்பா. அவரைக் குறை சொல்ல முடியாது. காகிதம் அப்படித்தான் பேசுகிறது.

எனவே மனுவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். இடது பக்கம் ஆவணத்தின் பெயர், வலது பக்கம் அந்த ஆவணத்தில் உள்ள ஆங்கில எழுத்துக் கோவை, ஒரு எழுத்துகூட மாறாமல். இறந்தவருக்கு ஒரு தாள், மனு செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். பிறகு "கீழ்க்கண்ட பெயர்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிக்கும்" என்று ஒரு பிரமாணப் பத்திரம். நம் ஊரில் இனிஷியல் என்பது தந்தை பெயரின் முதல் எழுத்து என்பதை அதில் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். அங்கிருப்பவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. பவர் பத்திரத்துக்குச் செய்தது போலவே இதையும் நோட்டரியோ அப்போஸ்டிலோ செய்யுங்கள்.

மனுவில் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பெற்றோரிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால் உடனே தட்கலில் விண்ணப்பியுங்கள். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்களில் எது முதலில் நாள் கொடுக்கிறதோ அங்கே போங்கள். அந்தப் படிவத்தில் கடைசிப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடவேண்டாம்.

உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருப்பது பழைய பதிவுகளில் சகஜம். பெயர் சேர்க்கும் வேலை நாள் பிடிக்கும், அது முடியும் வரை பள்ளி மாற்றுச் சான்றிதழும், பெற்றோர் பெயர் அச்சான பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கமும் துணைக்கு வரும். தமிழில் மட்டும் இருக்கும் ஆவணத்துக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்கவேண்டும்.

5. உடல், மரணச் சான்றிதழ், ரசீது

கொலை என்பதால் உடற்கூறாய்வு கட்டாயம். அதைச் செய்வது மருத்துவ ஆய்வாளர் அல்லது கரோனர் அலுவலகம். அங்கிருந்து உடலை நேராகக் குடும்பத்திடம் தரமாட்டார்கள், இறுதிச் சடங்கு நிறுவனம் ஒன்றைக் குடும்பம் தேர்ந்தெடுக்கவேண்டும். இந்தியாவுக்கு உடல் அனுப்பிப் பழகிய நிறுவனங்களைத் துணைத் தூதரகத்திடம் கேளுங்கள். பழக்கமில்லாதவர் என்றால் காகிதத்திலேயே நாட்கள் போய்விடும்.

அனுப்ப வேண்டுமென்றால் மரணச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்று, தொற்றுநோய் இல்லை என்ற கடிதம், பாஸ்போர்ட், துணைத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று ஆகியவை தேவை. இந்தியத் தரப்பில் இ-கேர் இணையதளத்தில் பதிந்து, மீனம்பாக்கம் விமான நிலைய சுகாதார அதிகாரியின் அனுமதி பெறவேண்டும். பாஸ்போர்ட் காவல்துறையிடம் சிக்கியிருந்தால் நகலை வைத்து என்ன செய்யலாம் என்று துணைத் தூதரகத்திடம் உடனே கேளுங்கள்.

மரணச் சான்றிதழில் காரணம் "நிலுவை" என்று வரலாம். உடலை அனுப்ப அது போதுமா என்று இறுதிச் சடங்கு நிறுவனம் சொல்லும். ஆனால் இழப்பீட்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் காரணம் நிரப்பிய இறுதிச் சான்றிதழ் பின்னால் தேவைப்படும். சான்றளித்த பிரதி பத்தாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடமும் அசலைக் கேட்கும், சென்னையிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைப்பது பெரிய அலைச்சல்.

இப்போது ரசீது. இறுதிச் சடங்குச் செலவைக் கட்டியவருக்குத்தான் திரும்பத் தருவார்கள். நண்பர்கள் ஆளுக்கு ஐநூறு டாலர் போட்டு, யாரோ ஒருவர் தன் கார்டில் தேய்த்திருந்தால், ரசீதில் இருப்பது அவர் பெயர். அப்பா கேட்டால் மறுப்பார்கள். யார் கேட்கப்போகிறாரோ அவர் பெயரில் ரசீது வரவேண்டும், அல்லது கட்டியவரே மனு செய்யவேண்டும். உடலை விமானத்தில் அனுப்பிய செலவைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் அது இறுதிச் சடங்கு வரம்புக்குள்ளேயே அடங்கும், சில இடங்களில் தனியாகப் பார்ப்பார்கள். எப்படியானாலும் மொத்தமாக ஒரே தொகை போட்ட ரசீது உங்களுக்கு உதவாது.

கையில் பணமே இல்லாதவர்களுக்கு: வசதியற்ற நிலையில் உடலைக் கொண்டுவர இந்தியத் தூதரகங்களில் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று உண்டு, வசதி பார்த்துத் தருவார்கள். மாணவர் என்றால் பல்கலைக்கழக இன்சூரன்ஸில் உடலைத் தாயகம் அனுப்பும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போனவர்களுக்குக் குறைந்தது 25,000 டாலர் அளவுக்கு அந்தக் காப்பு இருந்தே ஆகவேண்டும் என்பது விதி.

6. எந்த மாநிலம், எவ்வளவு, எத்தனை நாளுக்குள்

பிள்ளை குடியிருந்த மாநிலம் வேறு, சுடப்பட்ட மாநிலம் வேறு என்றால், குற்றம் நடந்த மாநிலத்தில் மனு செய்வதுதான் பொது வழக்கம். விதிவிலக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் வசிப்பவர் வேறு மாநிலத்தில் பாதிக்கப்பட்டாலும் கலிஃபோர்னியா உதவும். 2017 அக்டோபர் 1 லாஸ் வேகஸ் துப்பாக்கிச் சூட்டில் பாதிக்கப்பட்ட கலிஃபோர்னியாக்காரர்கள் அப்படித்தான் பெற்றார்கள்.

தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் ஒரு மனுவுக்கு உச்சவரம்பு 70,000 டாலர், குற்றம் நடந்து 7 ஆண்டுக்குள் கேட்கலாம். டெக்சஸில் 50,000 டாலர், முழு நிரந்தர ஊனம் என்றால் கூடுதலாக 75,000 டாலர் வரை. கேட்கும் காலம் 3 ஆண்டு. இறுதிச் சடங்குக்கு அங்கே 6,500 டாலர் வரம்பு. இவை உச்சவரம்புகள். ரசீது 4,000 டாலருக்கு இருந்தால் 4,000-தான்.

வரம்பும் காலமும் சட்டத் திருத்தத்தில் மாறிக்கொண்டே இருப்பவை. குற்றம் நடந்த தேதிக்கு எந்த விதி என்று அந்த மாநில அலுவலகத்திடமே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். எல்லா ரசீதும் சேர்ந்த பிறகுதான் மனு செய்யவேண்டும் என்பது இல்லை. முதலில் மனுவைப் பதிந்து எண் வாங்கிவிட்டு, ரசீதுகளைப் பின்னால் சேர்க்கலாம்.

குடியுரிமையும் விசாவும் இதற்குத் தடையா என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். கலிஃபோர்னியாவில் தடையில்லை, பெரும்பாலான மாநிலங்களிலும் அப்படித்தான். பயந்து மனு செய்யாமலே விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு.

7. நம்பி வாழ்ந்ததை நிரூபிப்பது

பெற்றோருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய தொகை ஆதரவு இழப்புதான். "மகன் மாதாமாதம் பணம் அனுப்பினான்" என்பது நமக்குச் சொல்லத் தேவையில்லாத உண்மை. அங்கே அதற்கு ஆதாரம் கேட்பார்கள்.

அப்பாவின் பாஸ்புக்கை எடுத்து ஒரு மாத வரவு வரியைப் பாருங்கள். பல சமயம் மகன் பெயரே அதில் இருக்காது. பணம் அனுப்பும் செயலி மூலம் வந்திருந்தால் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரும் நீண்ட ஓர் எண்ணும்தான் இருக்கும். அந்த வரியை மட்டும் காட்டினால் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. எனவே மூன்றைச் சேர்த்துக் காட்டவேண்டும்: மகனின் அமெரிக்க வங்கிக் கணக்கில் பணம் வெளியே போன வரி, செயலியில் அனுப்பியதற்கான பட்டியல், உங்கள் பாஸ்புக்கில் உள்ளே வந்த வரி. மூன்றிலும் தேதியும் தொகையும் பொருந்தும்படி ஓர் அட்டவணை போட்டு, முடிந்தால் இரண்டு ஆண்டுக்குத் தயார் செய்யுங்கள். டாலரையும் ரூபாயையும் இரண்டையும் எழுதுங்கள்.

பணம் பெற்றோர் கணக்குக்கு வராமல், இந்தியாவில் மகனின் சொந்த என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியர்) கணக்குக்கு வந்து, அங்கிருந்து மேடவாக்கம் வீட்டுக் கடனுக்கோ தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ போயிருக்கலாம். அப்படியானால் கடன் கணக்கு அறிக்கை, கல்லூரி ரசீது எல்லாவற்றையும் சேருங்கள். பெற்றோரின் ஓய்வூதியச் சான்றும் வருமானச் சான்றும் வையுங்கள். சொந்த வருமானம் எவ்வளவு குறைவு என்பது தெரிந்தால்தான் மகனின் பணம் எவ்வளவு தாங்கியது என்பது தெரியும்.

மாணவராக இருந்து, இங்கிருந்துதான் பணம் போய்க்கொண்டிருந்தது என்றால் ஆதரவு இழப்பு கிடைப்பது கடினம். இறுதிச் சடங்கும் மனநல ஆலோசனையும்தான் கேட்க முடியும். கல்விக் கடனை இந்தத் திட்டம் அடைக்காது. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்களுக்கு இது பேரிடி என்று தெரிந்தே சொல்கிறோம். உடனே வங்கிக்குப் போய், கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். பல வங்கிகள் கடன் கொடுக்கும்போதே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு பாலிசி போட்டிருக்கும், குடும்பத்துக்கு அது நினைவில் இருக்காது.

8. மனுவை நிரப்பும்போது

பெரும்பாலான மாநிலங்களில் இணையத்திலேயே நிரப்பலாம். நிரப்பியதை ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். இங்கே தவறும் இடங்கள் சில.

முகவரி: சென்னை முகவரியை மட்டும் கொடுத்தால் காகிதக் கடிதம் வந்து சேரும் முன் பதில் சொல்லவேண்டிய கெடு முடிந்துவிடலாம். பவர் பெற்ற உறவினரின் அமெரிக்க முகவரியையும் மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுங்கள். கதவு எண்ணில் பழையது, புதியது என்று இரண்டையும் எழுதினால் அங்கே குழம்புவார்கள், ஆதாரில் உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

மற்ற வரவுகள்: இன்சூரன்ஸ், வேலையிடத்து இழப்பீடு, நன்கொடை வந்ததா என்று கேட்பார்கள். மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் முடியும். இணையத்தில் நன்கொடை திரட்டும் கோஃபண்ட்மீ பக்கத்தில் "இறுதிச் சடங்குக்காக" என்று எழுதித் திரட்டினால், அதைச் சில மாநிலங்கள் இறுதிச் சடங்குத் தொகையிலிருந்து கழித்துவிடும். பக்கத்தைத் தொடங்கும் நண்பர்களிடம், உண்மையில் குடும்பத்தின் எதிர்காலத்துக்காகத் திரட்டுகிறார்கள் என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

பணம் எப்படி வரும்: காசோலையாக அமெரிக்க முகவரிக்கு மட்டும் அனுப்புவார்களா, வெளிநாட்டு வங்கிக்கு அனுப்புவார்களா, பெறுபவரின் வரி எண் வேண்டுமா என்று மனு போட்ட அன்றே கேளுங்கள். எல்லாம் முடிந்து காசோலை வந்த பிறகு, அதைச் சென்னைக் கிளையில் மாற்ற முடியாமல் நிற்பதைத் தவிர்க்கலாம்.

9. உயிர் பிழைத்தவர்களுக்கு

குண்டடி பட்டுப் பிழைத்தவர்தான் உண்மையில் நீண்ட காலம் இந்தத் திட்டத்தோடு பழகவேண்டியவர். மருத்துவமனைப் பில் வந்தவுடன் பயந்து கடன் அட்டையில் கட்டிவிடாதீர்கள். மருத்துவமனையின் பில் பிரிவிடம் "குற்றப் பாதிப்பு இழப்பீட்டுக்கு மனு போட்டிருக்கிறேன், மனு எண் இது" என்று எழுத்தில் கொடுங்கள், முதலில் இன்சூரன்ஸுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கட்டியது போக மிச்சம் என்ன என்று காட்டும் அறிக்கை இல்லாமல் மாநிலம் ஒரு டாலரும் தராது.

சம்பள இழப்புக்கு முதலாளியின் கடிதமும் வேலைக்குப் போக முடியாது என்ற மருத்துவர் கடிதமும் தேவை. இரண்டிலும் தேதிகள் பொருந்தவேண்டும். குணமாகச் சென்னைக்கு வந்துவிட்டால், இங்கே எடுக்கும் பிசியோதெரபிக்கும் ஆலோசனைக்கும் ஈடு உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, சிகிச்சை தருபவரின் பதிவு எண்ணோடு ஆங்கிலத்தில் ரசீது வாங்குங்கள். தலையை அசைத்து "பார்த்துக்கலாம்" என்று இருந்தால் பின்னால் ஒன்றும் வராது.

நேரில் சுடப்படாதவர்கள், அந்த இடத்தில் மேசைக்கு அடியில் பதுங்கி உயிர் தப்பியவர்கள், தங்களுக்கு எதுவும் ஆகவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மனநல ஆலோசனை பெற அவர்களுக்கும் வழி இருக்கலாம், விக்டிம் அட்வகேட்டிடம் கேளுங்கள். பெரிய சம்பவங்களுக்குப் பிறகு அமெரிக்க ஒன்றிய அரசு அந்த மாநிலத்துக்குத் தனி நிதி தரலாம். லாஸ் வேகஸில் நடந்தது போல, ஆண்டுக்கணக்கில் இயங்கும் உதவி மையம் அதில் உருவாகும்.

10. நன்கொடை நிதியும் வேலையிடமும்

பலர் இறந்த சம்பவத்தில் மாநிலம் தருவதைவிட நன்கொடை நிதி தருவது பன்மடங்காக இருக்கும். லாஸ் வேகஸ் நிதியிலிருந்து இறந்தவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 2,75,000 டாலர் கொடுத்தார்கள். ஆனால் இந்த நிதிகள் ஆண்டுக்கணக்கில் திறந்திருப்பதில்லை, சில மாதங்களில் மனு வாங்குவதை மூடிவிடுவார்கள். நேஷனல் கம்பாஷன் ஃபண்ட் போன்ற அமைப்பு நடத்துகிறதா, ஊர் அறக்கட்டளை நடத்துகிறதா என்று முதல் மாதத்திலேயே கண்டுபிடியுங்கள். 2023 மே 6-ல் டெக்சஸ் ஆலன் நகர வணிக வளாகத்தில் கொல்லப்பட்ட 8 பேரில் இந்தியாவிலிருந்து போன பொறியாளர் ஒருவரும் இருந்தார். தொலைவில் இருக்கும் குடும்பம் இத்தகைய கெடுவைத் தவறவிடுவது மிக எளிது.

வேலை நேரத்தில் வேலையிடத்தில் நடந்தது என்றால், 2021 ஏப்ரல் 15-ல் இண்டியானாபொலிஸ் சரக்குக் கிடங்கில் 8 பேர் கொல்லப்பட்டது போல, தொழிலாளர் இழப்பீடு தனியாக உண்டு. வெளிநாட்டில் வாழும் வாரிசுகளுக்கான விதி அதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கேதான் வக்கீலிடம் போவது நியாயம். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் குழு ஆயுள் காப்பீடு, விபத்து மரணக் காப்பீடு, 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது வருமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

11. போகவேண்டும் என்றால்: விசா

இறுதிச் சடங்குக்கோ சிகிச்சையில் இருப்பவரைப் பார்க்கவோ போக பி-2 என்ற பார்வையாளர் விசாவில் அவசர நேர்காணல் கேட்கலாம். முதலில் படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, கிடைக்கும் சாதாரண நாளைப் பதிவு செய்யவேண்டும். அதன் பிறகுதான் அவசரக் கோரிக்கைக்கான வழி திறக்கும். மருத்துவமனை அல்லது இறுதிச் சடங்கு நிறுவனத்தின் கடிதத்தில் தேதியும் தொலைபேசி எண்ணும் இருக்கவேண்டும்.

அங்கேயே இருக்கும் மனைவி, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தால், கணவரின் மறைவோடு அவருடைய நிலையும் ஆடிவிடும். தாமதிக்காமல் குடியேற்ற வக்கீலைப் பார்க்கவேண்டும். குற்றத்தில் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு ஒத்துழைத்தவர்களுக்கும், கொலையானவரின் நெருங்கிய குடும்பத்துக்கும் யு விசா என்று ஒரு வழி உண்டு. ஆண்டுக்கு 10,000 என்ற வரம்பு இருப்பதால் காத்திருப்பு நீளம். அதற்கான காவல்துறைச் சான்றில் கையெழுத்தாகி 6 மாதத்துக்குள் மனு போய்ச் சேரவேண்டும்.

12. மறுப்புக் கடிதம் வந்தால்

முதல் மறுப்பே முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் காரணம் ஒரு காகிதம்: பெயர் பொருந்தவில்லை, ரசீது வேறொருவர் பெயரில், இன்சூரன்ஸ் அறிக்கை இல்லை, காவல்துறை அறிக்கை இன்னும் வரவில்லை. கடிதத்தில் எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். குடும்பத்தின் துயரத்தை நான்கு பக்கம் எழுதினால் அதிகாரி வருந்துவார், ஆனால் அவர் கோப்பில் குறைந்த காகிதம் குறைந்தபடியே இருக்கும்.

கெடு குறுகியது. கலிஃபோர்னியாவில் கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து 45 நாள், உங்கள் கையில் கிடைத்த தேதியிலிருந்து இல்லை. காகிதம் சேர நாளாகும் என்றால், "மேல்முறையீடு செய்கிறேன், ஆவணம் பின்னால் வரும்" என்று ஒரு பக்கம் எழுதிக் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். உறையையும் தூக்கி எறியாதீர்கள், அதன் மேல் உள்ள அஞ்சல் முத்திரையில்தான் தேதி இருக்கிறது.